பவுண்டுக்கு எத்தனை பென்ஸ்? நூறாண்டுகளுக்கு முந்தைய அயர்லாந்து நகர மன்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் நகர மன்றங்கள் எப்போது தொடங்கின?

ஒரே நாளில் தொடங்கியவை அல்ல. இடைக்காலத்தில் அரசரிடம் பட்டயம் பெற்ற மாநகராட்சிகள் பல இருந்தன. 1840ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கலைத்து, டப்ளின், பெல்பாஸ்ட், கார்க், லிமெரிக், டெர்ரி, வாட்டர்போர்டு, கில்கென்னி, டிராஹெடா, குளோன்மெல், ஸ்லைகோ ஆகிய பத்தை மட்டும் விட்டுவைத்தது. மற்ற ஊர்களில் விளக்கேற்றுவது, தெருவைத் துப்புரவாக வைப்பது, நடைபாதை போடுவது போன்ற வேலைகளுக்கு 1828, 1854ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி நகர ஆணையர்கள் என்ற சிறு குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆண்டு மதிப்பு குறைந்தது 4 பவுண்டு உள்ள வீட்டில் குடியிருப்பவருக்கே வாக்குரிமை இருந்தது. ஆணையராக நிற்க 12 பவுண்டு மதிப்புள்ள வீடு வேண்டும். ஊரின் பணக்காரக் கடைக்காரர்கள் கூடித் தெருவிளக்கைப் பற்றிப் பேசிய அவை என்று அதைச் சொன்னால் பெரிய தவறு இல்லை.

இன்று நாம் நகர மன்றம் என்று சொல்லும் வடிவம் 1898ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் பயன். அப்போது அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் சார்பில் அங்கே தலைமைச் செயலராக இருந்த ஜெரால்டு பால்ஃபர் கொண்டுவந்த இச்சட்டம், கிராமப்புறத்தில் நிலவுடைமையாளர்களின் பெருநடுவர் குழுக்களிடம் இருந்த நிர்வாகத்தைப் பறித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றங்களிடம் கொடுத்தது. பெரிய நகரங்களில் நகர ஆணையர்களின் இடத்தில் நகர்ப்புற வட்ட மன்றங்கள் வந்தன. முதல் தேர்தல் 1899 ஜனவரியில் நடந்தது.

எல்லா ஊர் மன்றங்களுக்கும் ஒரே அதிகாரம்தானா?

இல்லை. பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். உச்சியில் ஆறு மாவட்டத் தகுதி பெற்ற மாநகராட்சிகள் இருந்தன. அவை எந்த மாவட்ட மன்றத்துக்கும் கீழ்ப்பட்டவை அல்ல. அடுத்து ஸ்லைகோ, டிராஹெடா போன்று மேயரும் ஆல்டர்மன் எனப்படும் மூத்த உறுப்பினர்களும் உடைய பழைய மாநகராட்சிகள். பெயரில் கம்பீரம் இருந்தாலும் அதிகாரத்தில் அவை நகர்ப்புற வட்ட மன்றங்களுக்குச் சமமானவையே. மூன்றாவது வகை, சாதாரண நகர்ப்புற வட்ட மன்றம். 1,500 பேருக்கு மேல் வாழும் ஊர் விண்ணப்பித்து இந்தத் தகுதியைப் பெறலாம். கால்வே 1840இல் மாநகராட்சித் தகுதியை இழந்து, நீண்ட காலம் இந்த நிலையிலேயே இருந்து, 1937இல்தான் அதை மீட்டது. கடைசியில், இன்னும் நகர ஆணையர்களோடு நின்றுவிட்ட சிற்றூர்கள். அங்கே தெருவிளக்கு ஆணையர்களுடையது. ஆனால் அதே தெருவின் அடியில் ஓடும் சாக்கடை ஊரக வட்ட மன்றத்தின் பொறுப்பு. விளக்குக் கம்பம் சாய்ந்தால் ஓர் அலுவலகம், சாக்கடை பொங்கினால் வேறோர் அலுவலகம்.

மன்றம் நாள்தோறும் செய்த வேலை என்ன?

1878ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமே அதன் அன்றாட வேதம். குடிநீர், கழிவுநீர்க் குழாய், குப்பை, இறைச்சிக்கூடம், சந்தை, இடுகாடு, தொற்றுநோய், ஒழுங்கற்ற வாடகை விடுதி ஆகிய அனைத்தும் அதன் கீழ் வந்தன. சுகாதார மருத்துவ அலுவலர் என்று தனியாக ஒருவரை மன்றம் தேடிப் பிடிக்கவில்லை. ஏழைகளுக்கான இலவச மருந்தகத்தில் ஏற்கெனவே பணிபுரிந்த மருத்துவரே அந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தார். அவர் எழுதிய அறிக்கைகளில், முற்றத்தில் குவிந்த சாணமும் வீட்டு வாசலில் கட்டிய பன்றியும் பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒற்றைக் கழிப்பிடமும் திரும்பத் திரும்ப வரும். பன்றி ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு என்பதால், சட்டம் எளிதாக இருந்தாலும் நடவடிக்கை எளிதாக இருக்கவில்லை.

வேலை செய்ய ஆள் அதிகம் இல்லை. நகர எழுத்தர், நகர அளவையாளர், வரி வசூலிப்பவர், சுகாதார உதவி அலுவலர், நீர்த்தேக்கக் காவலர், விளக்கேற்றுபவர், தெரு பெருக்கும் சிலர் என்று ஒரு சிறிய ஊரின் முழு நிர்வாகமும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துவிடும். இவர்களுள் நகர எழுத்தரே அச்சாணி. உறுப்பினர்கள் வருவார்கள், போவார்கள். எழுத்தர் இருபது முப்பது ஆண்டுகள் அதே நாற்காலியில் இருப்பார். எந்தத் தீர்மானம் சட்டப்படி செல்லும், எது செல்லாது என்று அவருக்குத்தான் தெரியும்.

பணம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மற்ற எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. ரேட்ஸ் என்று அவர்கள் அழைத்த உள்ளூர் வரியே மன்றத்தின் உயிர்நாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்டு கிரிஃபித் தலைமையில் நாடு முழுவதும் வீடும் நிலமும் அளந்து மதிப்பிடப்பட்டன. அந்த ஆண்டு மதிப்பில் ஒவ்வொரு பவுண்டுக்கும் இத்தனை ஷில்லிங், இத்தனை பென்ஸ் என்று மன்றம் ஆண்டுதோறும் வரியை நிர்ணயிக்கும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் (ஒன்றே என்றால் பென்னி). ஆக ஒரு பவுண்டில் 240 பென்ஸ்.

கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்க்கலாம். 8 பவுண்டு மதிப்புள்ள கடைவீட்டுக்குப் பவுண்டுக்கு 10 ஷில்லிங் வரி என்றால், ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும். ஊரின் மொத்த மதிப்பு 12,000 பவுண்டு என்றால், பவுண்டுக்கு ஒரு பென்னி என்று வரியை உயர்த்துவதால் மன்றத்துக்குக் கிடைப்பது 50 பவுண்டு மட்டுமே. பொது நூலகத்துக்குப் பவுண்டுக்கு ஒரு பென்னிக்கு மேல் விதிக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே அந்த ஊரின் நூலகருக்குச் சம்பளம், புத்தகம், குளிர்காலத்துக் கரி எல்லாம் அந்த 50 பவுண்டுக்குள் அடங்க வேண்டும். நூலகக் கட்டடத்துக்கு அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் கார்னகியின் நன்கொடை கிடைத்தாலும், அதை நடத்தும் செலவு ஊரின் தலையிலேயே விழுந்தது.

வசூலித்த பணம் முழுவதும் மன்றத்துக்கே சேர்ந்ததா?

சேரவில்லை, மக்களின் கோபம் மன்றத்தின் மேல் திரும்பியதற்கு இதுவே பெரிய காரணம். ஏழையர் இல்லம், மனநலக் காப்பகம், மாவட்டம் முழுவதற்குமான பொதுச் செலவுகள் ஆகியவற்றுக்காக மாவட்ட மன்றம் ஆண்டுதோறும் நகரத்திடம் ஒரு தொகையைக் கேட்டு அனுப்பும். நகர மன்றம் அதைக் குறைக்க முடியாது. வசூலித்துக் கொடுக்க மட்டுமே முடியும். வரி ஏறினால் ஊரார் திட்டுவது தம் தெருவில் வசிக்கும் உறுப்பினரைத்தான், மாவட்டத் தலைநகரில் இருப்பவரை அல்ல.

இன்னொரு வருத்தமும் உண்டு. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நிலவுடைமையாளர்கள் ஏற்றுக்கொள்வதற்காக, விவசாய நிலத்தின் மீதான வரியில் பாதியை அரசே மானியமாக ஏற்றது. அந்தச் சலுகை நகரத்துக் கட்டடங்களுக்குக் கிடைக்கவில்லை. நகர எல்லைக்குள் இருந்த மேய்ச்சல் நிலத்துக்கும் ரயில் பாதைக்கும்கூட நகர மேம்பாட்டு வரியில் கால் மதிப்பே கணக்கிடப்பட்டது. ஆகச் சுமை முழுவதும் கடைகள் மேலும் வீடுகள் மேலும் இறங்கியது.

உறுப்பினர்கள் யார்? அவர்களுக்குச் சம்பளம் உண்டா?

சம்பளம் இல்லை. மதுக்கடை உரிமையாளர், துணிக்கடைக்காரர், கட்டட ஒப்பந்ததாரர், வழக்கறிஞர், 1899க்குப் பிறகு மெல்ல மெல்லத் தொழிற்சங்கத்தினர் ஆகியோரே பெரும்பாலும் வந்தனர். சமயக் குருக்கள் மன்ற உறுப்பினராக 1898ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஊர் அரசியலில் குருமாரின் செல்வாக்கு எவ்வளவு என்பதை நன்கறிந்தே அந்த விதியை எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. முதல் தேர்தலே பழைய ஒழுங்கைக் குலைத்துவிட்டது: நெடுங்காலம் சிறையில் இருந்த புரட்சியாளர் ஜான் டேலி 1899இல் லிமெரிக்கின் மேயரானார்.

பெண்களுக்கு இடம் இருந்ததா?

வரி செலுத்தும் குடியிருப்பாளரான பெண்கள் 1898 முதல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நகர்ப்புற வட்ட மன்றத்திலும் ஊரக வட்ட மன்றத்திலும் உறுப்பினராகலாம். ஆனால் மாநகராட்சிகளிலும் மாவட்ட மன்றங்களிலும் அமர 1911ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே ஓவியரான சாரா செசிலியா ஹாரிசன் டப்ளினிலும், மருத்துவரான மேரி ஸ்டிராங்மன் வாட்டர்போர்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1918ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளரான கணவரின் பெயரால் 30 வயது நிறைந்த மனைவியருக்கும் உள்ளாட்சி வாக்குரிமை அளித்தது.

ஸ்லைகோவைப் பற்றி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த இந்தத் துறைமுக நகரம், தன் கடனாலேயே வரலாற்றில் இடம்பிடித்தது. மாநகராட்சியின் கணக்கு திவாலின் விளிம்பில் நின்றது. வரியை உயர்த்தச் சட்டத்தின் அனுமதி தேவைப்பட்டது. ஆனால் வரியில் பெரும்பங்கைக் கட்டிய வணிகர்கள், அவர்களுள் சிறுபான்மையினரான புராட்டஸ்டன்டுகள் பலர், தமக்கு மன்றத்தில் குரலே இல்லாதபோது கூடுதல் வரிக்கு எப்படிச் சம்மதிப்பது என்று கேட்டனர். வார்டுக்கு வார்டு பெரும்பான்மையினரே எல்லா இடங்களையும் அள்ளிச்செல்லும் பழைய முறையில் அந்தக் குரலுக்கு வழி இல்லை. பேரம் இப்படி முடிந்தது: வரியை உயர்த்திக்கொள்ளலாம், அதற்கு ஈடாக விகிதாசார முறையில் தேர்தல் நடத்த வேண்டும். 1918ஆம் ஆண்டு ஸ்லைகோ மாநகராட்சிச் சட்டம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொடுத்தது.

1919 ஜனவரி 15 அன்று தேர்தல் நடந்தது. மொத்தம் 24 இடங்கள். வரி செலுத்துவோர் சங்கம் 8, பிரிட்டனிடமிருந்து முழு விடுதலை கோரிய சின் ஃபெயின் கட்சி 7, தொழிலாளர் அணி 5, தனியர்கள் 4 என்று முடிவு வந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் நாடாளுமன்றத் தேர்தலில் சின் ஃபெயின் நாட்டையே அடித்துச் சென்றிருந்தது என்பதை நினைத்தால், லண்டனில் இருந்தவர்கள் இந்த முடிவை ஏன் அத்தனை ஆர்வத்தோடு பார்த்தனர் என்பது விளங்கும். அதே ஆண்டில் இம்முறை அயர்லாந்து முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. சிறுபான்மையினரைக் காக்கவே என்று சொல்லப்பட்டாலும், சின் ஃபெயினின் வெற்றியைக் கட்டுப்படுத்தும் எண்ணமும் அதில் கலந்திருந்ததை மறைக்க முடியாது.

அந்த வாக்குமுறை எப்படி இயங்கியது?

வாக்காளர் ஒரே பெயருக்கு எதிரே குறியிடுவதில்லை. தம் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண்ணிடுவார். ஒரு வார்டில் 8 இடங்கள், செல்லத்தக்க வாக்குகள் 1,800 என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி, 1,800ஐ 9ஆல் வகுத்து, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் 201. அந்த அளவைத் தொட்டவர் வென்றவர். அவருக்கு மிஞ்சிய வாக்குகள் அவற்றில் அடுத்த எண் பெற்றவர்களுக்கு மாற்றப்படும். யாரும் அளவைத் தொடாதபோது கடைசியில் இருப்பவர் விலக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் பிரித்துக் கொடுக்கப்படும். வார்டில் ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆதரவு உள்ள குழு ஓர் இடத்தையாவது பெறும். வாக்காளர்களுக்கு இது புரியாது என்று பலர் ஐயப்பட்டனர். ஸ்லைகோவின் வாக்காளர்கள் பொதுவாக நன்றாகவே புரிந்துகொண்டனர்.

1920ஆம் ஆண்டு நகர்த் தேர்தலில் என்ன நடந்தது?

முதல் உலகப் போரின்போது ஒத்திவைக்கப்பட்ட தேர்தல்கள் 1920 ஜனவரி 15 அன்று நகரங்களில் ஒன்றாக நடந்தன. 1,806 இடங்களில் சின் ஃபெயின் 550, தொழிலாளர் அணி 394, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய ஐக்கியவாதிகள் 355, தன்னாட்சி மட்டும் கேட்ட பழைய தேசியவாதிகள் 238 பெற்றனர். எஞ்சியவை தனியர்களுக்கும் நகரச் சீர்திருத்தக் குழுக்களுக்கும் போயின. ஒரே கட்சியின் வெள்ளம் என்று சொல்ல முடியாத, ஊருக்கு ஊர் வேறுபட்ட முடிவு இது. டெர்ரியில் தேசியவாதிகளுக்குப் பெரும்பான்மை கிடைத்து, ஹியூ ஓ'டொஹர்ட்டி அந்நகரின் கத்தோலிக்க மேயரானார். 1921இல் தனியாகப் பிரிக்கப்பட்டு பிரிட்டனோடு நின்ற வட அயர்லாந்தின் அரசு 1922இல் உள்ளாட்சித் தேர்தலிலிருந்து விகிதாசார முறையை நீக்கிய பிறகு, மன்றம் மீண்டும் ஐக்கியவாதிகள் கைக்கு வந்தது. வாக்கு எண்ணும் முறை ஓர் ஊரின் ஆட்சியையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போரின்போது (1919–21) மன்றங்கள் யாருக்குக் கீழ்ப்படிந்தன?

இங்கேதான் சாக்கடையும் நாட்டு விடுதலையும் ஒரே மேசையில் சந்தித்தன. 1872 முதல் டப்ளினின் சுங்க மாளிகையில் இருந்த பிரிட்டிஷ் அரசின் உள்ளாட்சி வாரியமே மன்றங்களின் மேலதிகாரி: கடனுக்கு அனுமதி, அலுவலர் நியமனத்துக்கு ஒப்புதல், ஆண்டுத் தணிக்கை எல்லாம் அங்கிருந்து வந்தன. முறையற்ற செலவை அனுமதித்த உறுப்பினர்களின் சொந்தப் பையிலிருந்தே அந்தத் தொகையை வசூலிக்கத் தணிக்கையாளருக்கு அதிகாரம் இருந்தது. எந்தக் கட்சிக்காரரையும் நடுங்க வைத்த ஒரே ஆயுதம் இது. 1920இல் பல மன்றங்கள், புரட்சி நாடாளுமன்றமான டாயிலுக்கே தாம் கட்டுப்பட்டவை என்று தீர்மானம் போட்டன. தணிக்கைக்குக் கணக்கைக் காட்டாவிட்டால் மானியமும் கடனும் கிடையாது என்று வாரியம் ஜூலை இறுதியில் சுற்றறிக்கை அனுப்பியது. மறுபுறம், டபிள்யூ. டி. காஸ்கிரேவ் தலைமையிலும் கெவின் ஓ'ஹிக்கின்ஸின் துணையிலும் இயங்கிய டாயிலின் உள்ளாட்சித் துறை, மறைவிடங்களிலிருந்து தன் ஆய்வாளர்களை அனுப்பியது.

போரில் எரிந்த கட்டடங்களுக்கான இழப்பீட்டையும் நீதிமன்றங்கள் உள்ளூர் வரியின் மேலேயே சுமத்தின. மன்றத்தின் பணம் வங்கியில் இருந்தால் அது பறிமுதலாகும் என்பதால், அதை நம்பிக்கைக்குரிய தனிநபர்களின் பெயருக்கு மாற்ற டாயில் அறிவுறுத்தியது. இரண்டு அரசுகளுக்கும் நடுவில் அகப்பட்டவர் வரி வசூலிப்பவர். யாரிடம் பணத்தைக் கொடுத்தாலும் மற்றவரின் பகை நிச்சயம். கட்ட மனமில்லாதவர்களுக்கோ இது நல்ல சாக்கு.

மேயர்கள் உயிரையும் இழந்தனர். கார்க்கின் டோமாஸ் மக் கர்ட்டன் 1920 மார்ச் 20 அன்று தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த டெரன்ஸ் மக்ஸ்வினி, பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாநோன்பு இருந்து அக்டோபர் 25 அன்று இறந்தார். லிமெரிக்கின் மேயர் ஜார்ஜ் கிளான்சியும் முன்னாள் மேயர் மைக்கேல் ஓ'காலகனும் 1921 மார்ச் 7 அன்று ஒரே இரவில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு மே 25 அன்று சுங்க மாளிகை எரிக்கப்பட்டது. வாரியத்தின் ஆவணங்களும் அதோடு சாம்பலாயின.

வீடு கட்டும் வேலையை மன்றங்கள் செய்தனவா?

செய்தன, ஆனால் ஊருக்குத் தேவைப்பட்டதில் ஒரு பகுதியை மட்டுமே. 1890ஆம் ஆண்டுச் சட்டமும், ஜே. ஜே. கிளான்சி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் அறியப்படும் 1908ஆம் ஆண்டுச் சட்டமும் நகரத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டக் கடன் வாங்க வழி செய்தன. கட்டிய வீட்டின் வாடகை கடன் தவணையை ஈடுகட்டாது. மீதியை வரியிலிருந்து எடுக்க வேண்டும். ஆகையால் திட்டங்கள் கோப்பிலேயே கிடந்தன. 1922இல் விடுதலை பெற்ற அயர்லாந்தின் புதிய அரசு ‘பத்து லட்சம் பவுண்டுத் திட்டம்’ ஒன்றைக் கொண்டுவந்தது. மன்றங்கள் வரியிலும் வங்கிக் கடனிலும் 5 லட்சம் திரட்டினால் அரசு 10 லட்சம் தரும் என்ற அந்த ஏற்பாட்டில் ஏறத்தாழ 2,000 வீடுகள் எழுந்தன. இன்றும் பல ஊர்களில் அந்தச் செங்கல் வரிசைகளைக் காணலாம்.

கூட்டம் எப்படி நடக்கும்?

மாதந்தோறும் மாலையில் கூடுவார்கள். முந்தைய கூட்டக் குறிப்பு வாசித்துக் கையெழுத்தாகும். காசோலைகள், வசூல் நிலவரம், அளவையாளரின் அறிக்கை, சுகாதார அறிக்கை, வந்த கடிதங்கள், கரிக்கும் சரளைக்கல்லுக்கும் வந்த ஒப்பந்தப் புள்ளிகள், பிறகு முன்னறிவித்த தீர்மானங்கள். கடிதங்களில் பாதி மற்ற மன்றங்கள் அனுப்பிய அரசியல் தீர்மானங்களாக இருக்கும். ஓர் ஊர் ஏதேனும் தேசியப் பிரச்சினையில் தீர்மானம் போட்டு நாடு முழுவதும் சுற்றுக்கு விடும். மற்ற ஊர்கள் வழிமொழியும், அல்லது ‘வாசிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு நகரும். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ நாசூக்கான மறுப்புகள் ஒளிந்திருக்கின்றன. குறிப்பேட்டில் இரண்டு வரியாக முடிந்த விவாதம், உள்ளூர் வார இதழில் இரண்டு பத்தி நீளத்துக்கு, யார் யாரை என்ன சொல்லி ஏசினார் என்பதுவரை வந்திருக்கும். ஆய்வு செய்பவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்லது.

விடுதலைக்குப் பிறகு மன்றங்களின் அதிகாரம் கூடியதா?

பலரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள், நடந்தது நேர்மாறு. ஒரு காலத்தில் மன்றங்களை மத்திய அரசுக்கு எதிராகத் திருப்பியவர்களே இப்போது மத்திய அரசு. உள்ளிருந்தே பார்த்தவர்கள் என்பதால் அந்த அவைகளின் கடன், வசூல் நிலுவை, உறவினருக்கு வேலை கொடுக்கும் பழக்கம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. 1923ஆம் ஆண்டுச் சட்டம், கடமை தவறிய மன்றத்தைக் கலைத்து ஆணையரை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. 1924இல் டப்ளினும் கார்க்கும் கலைக்கப்பட்டன. கார்க்குக்கு வந்த ஆணையர் பிலிப் மோனஹன் முன்பு டிராஹெடாவின் மேயராக இருந்தவர். 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவரே அந்நகரின் முதல் மேலாளர், அதாவது மன்றத்தின் நிர்வாகத்தை நடத்தும் அலுவலர், ஆனார். 1925இல் ஊரக வட்ட மன்றங்கள் ஒழிக்கப்பட்டன. 1926இல் உயர் பதவிகளுக்கு ஆள் எடுக்கும் உரிமை மன்றங்களிடமிருந்து ஒரு தனி ஆணையத்துக்குப் போனது. வேலை கேட்டு உறுப்பினர் வீட்டு வாசலில் நின்ற கூட்டம் அதோடு குறைந்தது, உறுப்பினரின் செல்வாக்கும் கூடவே குறைந்தது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் மேலாளர் முறையை மாவட்டங்களுக்கும் அவற்றில் அடங்கிய நகரங்களுக்கும் பரப்பியது.

நிர்வாகம் தூய்மையானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பவுண்டுக்கு எத்தனை பென்ஸ் என்று ஆண்டுதோறும் சண்டையிட்டுத் தீர்மானித்த அவை, நாளடைவில் மேலாளர் வைத்த கணக்கைக் கேட்டுத் தலையசைக்கும் அவையாகச் சுருங்கியது.

அந்த மன்றங்கள் இன்றும் இருக்கின்றனவா?

இல்லை. 2014 ஜூன் 1 அன்று, அயர்லாந்துக் குடியரசில் எஞ்சியிருந்த 80 நகர மன்றங்களும் ஒரே சட்டத்தால் நீக்கப்பட்டு, அவற்றின் பணிகள் மாவட்ட மன்றங்களோடு இணைக்கப்பட்டன. ஸ்லைகோவின் மன்றமும் அவற்றுள் ஒன்று. அங்கே முதலில் சோதிக்கப்பட்ட வாக்குமுறையில்தான் அயர்லாந்தின் நாடாளுமன்றம் இன்றும் தேர்ந்தெடுக்கப்படுகிறது.